ஓரம் தேய்ந்த டயர்

பைக் ஓட்டுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். தினமும் வேலைக்குப் போகவேண்டும், வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை ரேஸ் டிராக்கிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும், இரண்டுக்கும் சேர்த்து எந்த டயர் போடலாம்? முன்பெல்லாம் இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு மணி நேரம் பேசுவேன். இப்போது ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன். இரண்டு ஜோடி வாங்கு, முடியாவிட்டால் டிராக்குக்குப் போகாதே. கழற்றிப் போட்ட டயரை யாருக்கும் கொடுக்காதே என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் சொன்னதில்லை.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இந்த டிராக் கிறுக்கு பிடித்தது. நாங்கள் மூன்று பேர்: நான், ஒரு பல் டாக்டர், ஒரு பாங்க் மானேஜர். நேந்திரன் வாழைக்குலை ஏற்றுகிற பிக்கப் வண்டியில் மூன்று பைக்கையும் கயிறு போட்டுக் கட்டி, கோயம்புத்தூர் வரை கொண்டுபோவோம். அங்கே ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, கை கால் வலியோடு திரும்பி வருவோம். சுற்றிச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு இவ்வளவு தூரம் எதற்குப் போகவேண்டும், வீட்டு முற்றத்தில் சுற்றினால் போதாதா என்று என் தங்கை கேட்பாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக நான் மாதக்கணக்கில் காத்திருப்பேன்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். சாலை டயர் கொஞ்சம் கெட்டியான ரப்பர், வெட்டுகள் நிறைய. மழைத் தண்ணீரை அந்த வெட்டுகள் வழியாக வெளியே தள்ளிவிடும், குளிர்ந்திருந்தாலும் தரையைப் பிடிக்கும். டிராக் டயர் வேறு ரகம். ரப்பர் மெத்தென்று இருக்கும், வெட்டுகள் குறைவு. நாலு ரவுண்டு ஓடிச் சூடேறினால் வளைவில் முழங்கால் தரையில் உரசும்படி சாய்ந்தாலும் விடாது. சூடேறாவிட்டால் அதை நம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. வைகாசி முடிவில் பிடிக்கிற இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே கொட்டுகிற எங்கள் ஜில்லாவில், புத்தியுள்ளவன் அந்த நடு ரகத்தைத்தான் வாங்குவான். நான் டிராக் பக்கம் சாய்ந்த ரகத்தை வாங்கினேன். காரணம் வீம்பு. டிராக்கில் சாய்த்து ஓட்டினால் டயரின் ஓரம் வரை ரப்பர் தேய்ந்து சொரசொரவென்று ஆகிவிடும். நேராக ஓட்டுகிறவன் டயரில் ஓரம் புதிதாகவே இருக்கும். தேய்ந்த அந்த ஓரம் நாலு பேர் கண்ணில் படும்படி கல்லூரியில் வண்டியைத் திருப்பி நிறுத்துவேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டிராக்கில் ஓடிய டயருக்கு இரண்டு ஓரமும் போய்விடும், ஆனால் நடுவில் வெட்டு ஆழம் அப்படியே நிற்கும். அதைத் தூர எறிய மனம் வராது. வளைவில் சாய்க்காமல் நிதானமாகப் போகிற யாராவது ஒருவருக்கு அதைச் சும்மா கொடுத்துவிடுவோம். அவருக்கு நடு போதும், ஓரம் எதற்கு என்பது எங்கள் கணக்கு. பல் டாக்டர் தன் கம்பவுண்டருக்குக் கொடுத்தார். மானேஜர் தன் சித்தப்பாவுக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் சந்தோஷப்பட்டார்கள், எங்களுக்கும் நல்ல காரியம் செய்த நிறைவு.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. டயர் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறினால், ரப்பரில் உள்ள பசை கொஞ்சம் போகும். பலமுறை சூடேறி ஆறினால், வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிவிடும். பார்த்தால் தெரியாது. எனக்கு இது தெரியும். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

தெரிந்தது மட்டும் அல்ல, பட்டும் இருந்தேன். மூன்றாவது முறை டிராக்குக்குப் போய் வந்த பிறகு, கோடையில் ஒருநாள் காலையில் தூறல் போட்டது. தக்கலைக்கு முன்னால் ஒரு சாதாரண வளைவில், சாதாரண வேகத்தில், பின்சக்கரம் ஒரு சாண் அளவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தது. கீழே விழவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். அந்த வாரமே புது டயர் போட்டேன். பழையதைக் கழற்றி என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தங்கை கணவனுக்கு அருமனை என்ற ஊரில் ரப்பர் தோட்டம். ஆள் வைத்துக்கொள்வதில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து சரிவில் ஏறி இறங்கி, மரம் மரமாகத் தானே சீவிப் பால் எடுப்பான். அவனும் நானும் ஒருவரையொருவர் அளியா என்று கூப்பிட்டுக்கொள்வோம். மைத்துனனை அந்தப் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள். என் பைக்கைப் பார்த்து அதே மாடலை அவனும் வாங்கியிருந்தான். ஆனால் என்னைப் போல அல்ல, மாட்டு வண்டிக்கும் வழிவிட்டுப் போகிறவன். அவன் டயர் மொட்டையாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கொண்டுபோனேன்.

நல்ல வெயில். முற்றத்தில் ரப்பர் ஷீட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. டயரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டோம், பேசினோம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் குந்தி உட்கார்ந்து, டயரின் நடுவில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்தான். ஷீட் பதமாக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பது அப்படித்தான். நகம் நன்றாகவே பதிந்தது.

“கொள்ளாம் அளியா. ரப்பர் பாலு இன்னும் உள்ள இருக்கு,” என்று மெச்சினான்.

ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால் எந்த ரப்பரும் நகத்துக்கு இளகும். அதுவும் எனக்குத் தெரியும். ரப்பரோடு பிறந்து வளர்ந்தவனிடம் ரப்பரைப் பற்றி நான் என்ன சொல்வது என்று அந்த நேரத்தில் நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தூக்கிக்கொண்டு வந்த பொருளைத் திரும்ப எடுத்துப்போகக் கூச்சமாக இருந்தது. சிரித்துக்கொண்டு, இவன் ஓட்டுகிற வேகத்துக்கு இது பத்து வருஷம் ஓடும் என்று கேலி வேறு செய்தேன்.

அவன் அதைப் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டான். கோடை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. மழை பிடித்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை, அவன் குழித்துறைச் சந்தைக்குப் புறப்பட்டான். மழை விட்ட பிறகு போகச் சொல்லித் தங்கை தடுத்திருக்கிறாள். மெதுவாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இறக்கத்தில் ஒரு வளைவு. தோட்டத்திலிருந்து வடிந்த தண்ணீர் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி இல்லை, குறுக்கே நாய் இல்லை. பின்சக்கரம் போனது, வண்டி அவன் வலது காலைக் கீழே போட்டுக்கொண்டு இழுத்துப்போய்க் கல்மதிலில் இடித்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலைக் காப்பாற்ற இரண்டு வாரம் பாடுபட்டுப் பார்த்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டவள் என் தங்கை. பக்கத்தில் நின்று பேனாவைக் கொடுத்தவன் நான்.

அவள் யாரிடமும் கூச்சல் போடவில்லை. அவனுக்குச் செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள், துடைத்தாள், ஊட்டினாள். ஆனால் அவனோடு பேச்சு நின்றுவிட்டது. பேசிய ஒன்றிரண்டு தடவையும் என் காதுபட அவள் சொன்னவை கத்தி போல இறங்கின. மெதுவாகப் போனவன் இப்படி விழுவானா, என் அண்ணன் ரேஸ் ஓட்டுவதைப் பார்த்து இந்த வயதில் உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா என்று கேட்டாள். இனிப் பிள்ளைகளை உங்களை நம்பி எப்படி அனுப்புவேன் என்று கேட்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் தன்மேல் தப்பு என்றுதான் சொன்னான். அவசரப்பட்டு பிரேக்கைப் பிடித்திருப்பேன் என்றான். பிடித்தானா என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததால், தப்பு தன்னுடையது என்றே முடிவு செய்துகொண்டான்.

பைக்கை நான்தான் விற்றுக் கொடுத்தேன். விற்பதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப்பில் பின் டயரைக் கழற்றினேன். நிழலில் கிடந்த அந்த டயரில் என் நகம் பதியவே இல்லை. இரண்டு துண்டாக வெட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன்.

புண் ஆறியதும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். உயிர் பிழைத்து வந்தவன் எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்பது எங்கள் சபையில் வழக்கம். அக்குள் கட்டையை ஊன்றி எழுந்து நின்றான். தன் உயிரைக் காத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னான். பிறகு, மனைவி சொன்னதைக் கேட்காமல் போனது தன் அகங்காரம், தன் அஜாக்கிரதையால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கஷ்டம் வந்தது, அதற்காக எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். தங்கை தலையில் போட்டிருந்த சேலை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் ஜெபித்தார். கூட்டம் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். என் குரல் மற்றவர்கள் குரலை விடக் கொஞ்சம் உரக்கக் கேட்டது என்று நினைக்கிறேன்.

பிறகும் அவள் மனம் இளகவில்லை. நான் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். ஆப்பிள் வாங்கிப் போவேன், செயற்கைக் கால் எங்கே நன்றாகச் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்வேன், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிடுவேன். அண்ணன் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் புகழ்ச்சியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தபடிதான் புறப்படுவேன். திரும்பி வரும்போது, சொன்னால் மட்டும் கால் முளைக்கவா போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் ஒருநாள் மத்தியானம் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவன், இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினான். தோட்டத்தின் கீழ்ப்பாதை வரை போய்விட்டால், மேலே ஆளை வைத்துச் சீவிக்கொள்ளலாம் என்று திட்டமெல்லாம் போட்டிருந்தான். விழுந்த பிறகு அவன் முகத்தில் நான் முதன்முதலாகப் பார்த்த உற்சாகம் அது.

“டயரு மட்டும் நீயே பாத்துப் போட்டுத் தா அளியா. எனக்க தம்பிமாருக்கு ஒண்ணும் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும்,” என்றான்.

எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. சொல்லிவிட்டேன். டிராக்கில் சூடேறி ஆறிய டயர் இறுகிப்போகும் என்பதை, வெயிலில் கிடந்ததால்தான் நகம் பதிந்தது என்பதை, தக்கலை வளைவில் எனக்கு வழுக்கியதை, அதனால்தான் நான் மாற்றினேன் என்பதை. நீ எவ்வளவு மெதுவாகப் போயிருந்தாலும் அன்றைக்கு அது வழுக்கித்தான் இருக்கும் என்றேன். ஒரு வாத்தியார் பாடம் நடத்துவது போல வரிசையாகச் சொன்னேன்.

அவன் போனை அணைத்து மார்மேல் வைத்துக்கொண்டான். காலைப் பற்றிக் கேட்பான், அடிப்பான் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன்.

“காலு போனது போகட்டு,” என்றான். “ஆறு மாசமா நான் அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுக் கெடக்கேன். ஜெபத்துல அத்தன பேரு முன்னால கேட்டேன். நீ பக்கத்துல இருந்து ஆமென் சொன்னியா?”

அவன் என் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள். இப்போது சொன்னதை அப்படியே அவளிடமும் சொல்லச் சொன்னான். சொன்னேன். இரண்டாவது முறை சுருக்கமாகவே வந்தது. முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது, “ஒனக்கு வழுக்கினதையும் சொல்லு,” என்றான். அதையும் சொன்னேன்.

தங்கை என்னைத் திட்டவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நான் இவியள என்னவெல்லாம் சொல்லிப்போட்டேன்,” என்றாள். “அதையெல்லாம் இனி எங்க கொண்டு போடுவேன் அண்ணே?”

அவன் அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தான். என்னைப் பார்த்து, நீ இப்போது போ என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போது, உள்ளே அவள் அழுதுகொண்டு அவனிடம் மன்னிப்புக் கேட்பது கேட்டது. அழாதே என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டியில் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் இதுவரை மன்னிப்புக் கேட்காதவன் நான் ஒருவன்தான்.