ஒரு பக்கம் நீண்ட பாவாடை

என் தையல் கடைச் சுவரில் ஒரு நீலப் பள்ளிச் சீருடைப் பாவாடை தொங்குகிறது. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட இரண்டு அங்குலம் நீளம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் துணியை என்னிடம் தரலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரியும். நான் கண்டுகொள்வதில்லை. எனக்கு நானே தைத்த சட்டைக்குள் நுழைய முடியாமல் அதை மச்சானுக்குக் கொடுத்தவன் நான். அந்தக் கெட்ட பெயருக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

எண்பதுகளின் கடைசியில், அண்ணனூரில், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை ஒட்டித்தான் கடை. ஃபிட்டர் அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்ட தொழிலாளியின் மகள், எட்டாம் வகுப்புக்குப் போகும் ஜூனில் புதுப் பாவாடையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வலப்பக்கம் மேலே ஏறுகிறதாம். என் வெட்டில் பிழை இருப்பது அதிசயமில்லை என்பதால் பிரித்துத் தைத்தேன். மறுபடியும் ஏறியது. சட்டையும் ஒரு தோளில் சரிந்தது. கண்ணாடி முன் நிறுத்தி, "இன்னாமா, சாஞ்ச கரண்ட் கம்பம் கணக்கா நிக்கிற? பையை அந்தத் தோள்ல மாட்டு" என்றேன்.

"நான் நேராத்தான் கீறேண்ணா. உன் டேப்புதான் கோணலா கீது."

கடையே சிரித்தது. ஆனால் முதுகில் டேப்பை ஓட்டியபோது என் விரலுக்குத் தெரிந்தது, எலும்பு பாதியில் ஒரு பக்கமாக வளைந்து போவது. வளர்கிற பெண், சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்கு வந்த அவள் அம்மாவிடம் சொன்னபோது அவரும் அப்படித்தான் நினைத்தார். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். சரிந்த தோளில் பஞ்சு வைத்தேன். பாவாடையின் வலப்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கினேன். கண்ணாடியில் அவள் நூல் பிடித்த மாதிரி நின்றாள். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு கச்சிதமாக எதையும் தைத்ததில்லை. ஒரு வருஷம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

அடுத்த ஜூனில் ஓர் அங்குலம் போதவில்லை, இரண்டு தேவைப்பட்டது. சுவரில் தொங்குவது அந்தப் பாவாடைதான். அதைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி முன் நிற்க, வாயில் குண்டூசிகளோடு முட்டிபோட்டு விளிம்பைச் சுற்றிலும் ஒரே மட்டமாக மடித்துக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் கையை ஊன்றி என் வழுக்கையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். ஏதோ பொசுங்கும் வாடை வந்தது. யாருடைய துணியையோ கருக்கிவிட்டேன் என்று பதறி எழுந்தேன். துணியெல்லாம் தள்ளித்தான் இருந்தது. அவள் புறங்கை சூடான இஸ்திரிப் பெட்டியின்மேல் சாய்ந்திருந்தது.

"இன்னாண்ணா, துணி தீஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த ஃபிட்டர் அண்ணனிடம் பஞ்சைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி என்றார்கள். வருஷக்கணக்காக மெல்ல வளர்ந்து உள்ளிருந்து நரம்பை நசுக்குகிறதாம். கையில் சூடு தெரியாமல் போனது அதனால்தான், வளைவும் அதனால்தான். கால்களும் அதற்குள் தளரத் தொடங்கியிருந்தன. ஆபரேஷனில் கட்டியின் வளர்ச்சி நின்றது, கால்களுக்குப் பலம் திரும்பவில்லை. ஃபிட்டர் அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போன வருஷமே வந்திருந்தா நடந்திருப்பாளாம். டாக்டர் சொல்றாரு, டெய்லரே" என்றார். பிறகு எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

ஒரு நாள் பாவாடையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சக்கர நாற்காலியில் இருந்தாள். மடியில் விரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இனிமே உனக்கு ஈசிண்ணா. உக்காந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

 வாங்கி மடித்துக் கடைக்கே எடுத்துவந்தேன். அப்புறம் அவர்கள் தெற்கே சொந்த ஊருக்கே போய்விட்டார்கள்.

இப்போதும் சில நாள் அதை இறக்கித் தூசி தட்டி, மேசையில் விரித்து டேப் வைத்துப் பார்ப்பேன். இரண்டு அங்குலம் கோணல். அன்று கண்ணாடியில் சுற்றிலும் ஒரே மட்டமாக நின்ற விளிம்பு இதுதான். இது நேராகத் தெரிய வேண்டுமானால், இதைப் போட்டுக்கொண்டு அவள் வந்து நிற்க வேண்டும்.