தரம் போட்டவரின் சொந்த மைதானம்

கூடைப்பந்து நடுவருக்குச் சோறு செமிக்கிறதோ இல்லையோ, ஏச்சு செமிக்க வேண்டும். மைதான ஓரத்தில் நின்று வயிறெரிந்தவர்களே, மகளிர் கல்லூரிப் போட்டிகளில் விசில் ஊதும் இந்தக் கிழவன் கண்டதையும் கேளுங்கள். பொய் கொஞ்சம் கலந்திருக்கும். அநியாயத்தில் கலப்படம் இல்லை.

கடைசி இடம்

பலமான அணிகள் முதல் சுற்றிலேயே மோதி வெளியேறாமல் பிரித்துவிடத்தான் தரவரிசை. மட்டக்களப்பு நகரத்துக் கல்லூரி ஒன்று போட்டியை நடத்தியது. அதன் விளையாட்டு ஆசிரியரே தரமும் போட்டார். முதலாமிடம் தன் கல்லூரிக்கு. போன வருடம் இறுதியாட்டம் வரை வந்த கரடியனாற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி இடம். முதலாவதும் கடைசியும்தான் முதலில் மோத வேண்டும், அதுவும் முதலாவதின் மைதானத்தில்! இது என்ன நியாயம் என்று மேசையில் தட்டிக் கேட்டேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்:

“அவங்களுக்கு ஒழுங்கான மைதானமே இல்ல ஐயா, மறுகா என்ன தரம்?”

வாவிக்குப் போன பந்து

ஆட்டத்தை நாலு மணிக்கு வைத்தார்கள். முதற்பாதியில் வெளியூர் அணி மேற்கு வளையத்துக்கு எறிய வேண்டும். வெயில் நேரே கண்ணில் குத்தும். பக்கம் மாறும்போது சூரியன் கல்லூரி மாடிக்குப் பின்னால் போய்விடும். நேரத்தை மாற்றுங்கள் என்றேன். கேட்டால்தானே!

கரடியனாற்று அணித்தலைவி தர்சினி ஒரு கையால் கண்ணை மறைத்து எறிந்த பந்து மதிலைத் தாண்டி, பக்கத்து வாவியில் நின்ற தோணிக்குள் விழுந்தது. வலை வீசிக்கொண்டிருந்தவர் கோபத்தில் திருப்பி எறிந்தார். நம்பினால் நம்புங்கள், நகரத்து அணி புள்ளி எடுக்கும் வளையத்துக்குள் அது சுத்தமாக இறங்கியது. செல்லாது என்று விசிலடித்தேன். சனம் எழும்பிவிட்டது. பழைய மாணவி ஒருவர் குடையை நீட்டிக் கத்தினார்:

“தோணிக்காரரும் எங்கட ஊர்தானே, புள்ளியக் குடுங்க ஐயா!”

எழுதினவரே மாட்டினார்

வெயில் இறங்கியதும் தர்சினியின் அணி ஒரு புள்ளியால் வென்றது. விதிமுறையையும் அதே ஆசிரியர்தான் எழுதியிருந்தார்: முதலாமிட அணியின் ஆட்டத்தில் யார் வெல்கிறார்களோ, அவர்களுடைய மைதானத்தில் அரையிறுதி. தாங்கள் தோற்பது மனிதருக்குக் கனவிலும் வரவில்லை!

கரடியனாற்றில் மைதானம் என்றால் நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம். இரண்டு பக்கமும் வளையம் நட்டிருக்கிறார்கள். அரையிறுதியையும் ஆசிரியர் நகரத்துக்கே இழுக்கப் பார்த்தார். பிள்ளைகள் ஒருநாளாவது தங்கள் சனத்தின் முன்னால் விளையாட வேண்டாமா? அவர் எழுதியதை அவருக்கே உரக்க வாசித்துக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது.

“அது எங்களுக்கெண்டு எழுதினது ஐயா, அவங்களுக்கில்ல!”

ஈரநெல்

அரையிறுதி நாள் பார்த்து அறுவடை. தளம் முழுக்க ஈரநெல். ஆட்டத்தை நிறுத்துவதற்கென்றே ஆசிரியர் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தர்சினியின் தகப்பனும் வட்டை வயலில் வேலைசெய்தவர்களும் நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டி, தளத்தைச் சுற்றி அடுக்கி, சனத்துக்கு இருக்கையும் ஆக்கிவிட்டார்கள்.

எதிர்த்து ஆட வந்த வாழைச்சேனை அணி நெற்சுணையில் சொறிந்து சொறிந்தே வென்றுவிட்டுப் போனது. மழை தூறியது. ஆசிரியர் ஒரு சாக்கை விரலால் குத்தி, “தோத்தும் போனீங்க, இந்த நெல்லு முளைச்சா என்ன செய்வீங்க?” என்றார். தகப்பன் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னார்:

“முளைச்சா கோழிக்குப் போடுவன் சேர். என்ட மகள் இஞ்ச விளையாடிற்றாள், அது போதும்.”

அடுத்த வருடத் தரவரிசையிலும் அந்தப் பிள்ளைகள் கடைசி, ஏனென்று கேட்ட நான் நடுவர்களில் கடைசி. நியாயத்துக்கு இந்தப் போட்டியில் ஒதுக்கிய இடமும் அதுதான்.