படகு வரிசையில் ஒரு சக்கர வீடு

வெல்டிங் பட்டறைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. எதையாவது உடைத்துக்கொண்டுதான் வருவார்கள். பழவேற்காடு கடைத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் நான் ஒட்டாத சாமான் இல்லை. இன்ஜின் தாங்கி, ஐஸ் பெட்டி, கோயில் கதவு, பள்ளிக்கூடத்து ஊஞ்சல் எல்லாம் பார்த்தாயிற்று. உப்புக்காற்று இருக்கும்வரை எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. நான் ஒட்டுவேன், காற்று அரிக்கும், அவர்கள் திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கண்ணெரிச்சலும் வாடிக்கையாளர் வசவும் நமக்குப் பொதுச்சொத்து.

இப்போது சொல்லப்போவது ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி. சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். அது முன்பாதியில்தான் இருக்கிறது.

முடிச்சுப் போட்ட கயிறு

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலோரக் குப்பத்திலிருந்து எல்லப்பன் வந்தார். அறுபதைத் தாண்டியவர், சொந்தமாக ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். கையில் ஒரு வலைக்கயிறு, அதில் முடிச்சுகள். முதல் முடிச்சு வரை கட்டிலின் அகலம், அடுத்தது வரை நீளம், கடைசி முடிச்சு அவர் நிமிர்ந்து நின்றால் தலை தட்டாத உயரம். இந்த அளவில் ஓர் அறை வேண்டும், அடியில் சக்கரம் வேண்டும், டிராக்டரில் மாட்டினால் இழுபட வேண்டும் என்றார். சாமிக்குத் தேரா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் மனைவி தனத்துக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்ச் சில வருஷம் ஆகிறது. போன புயலில் கடல் தெருவுக்குள் வந்தபோது ஊர் ஆட்கள் நாலு பேர் அந்தம்மாவைக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மழையில் நனைந்து, புடவை விலகி, ஊரே பார்க்கப் போன அந்த ஊர்வலத்துக்குப் பிறகு அவர் வெகுநாள் யாரோடும் பேசவில்லையாம். பொன்னேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவும் மாட்டேன் என்கிறாராம். அடுத்த புயலிலாவது தன் கட்டிலில் படுத்தபடி, கதவைச் சாத்திக்கொண்டு, மானத்தோடு மேட்டுக்குப் போகவேண்டும். எல்லப்பன் கேட்டது அவ்வளவுதான். கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உசுரோட இக்கறவள பாடையில தூக்கற மாறி தூக்கினு போனாங்க தம்பி. நல்ல மனசோடதான் தூக்கனாங்க. அதான் திட்டக்கூட முடில."

வழி பார்க்கும் ஜன்னல்

எனக்கு டிரெய்லர் செய்யத் தெரியும், வீடு கட்டத் தெரியாது. அதனால் பக்கத்துக் கடைத் தச்சர் பஷீர் பாயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். பாய் எந்த வேலையையும் நாளைக்கு என்றுதான் சொல்வார். ஆனால் கை வைத்துவிட்டால் நூல் பிசகாது. நெல் மூட்டை சுமந்து ஓய்ந்துபோன பழைய டிரெய்லர் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி வந்து, துருவைச் சுரண்டி, சிவப்புப் பூச்சு அடித்து வைத்தேன். அதற்குமேல் பலகையும் தகரமும் பாயின் பொறுப்பு.

குடியிருக்கப் போகிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருவரும் குப்பத்துக்குப் போனோம். தனம் எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, குடித்து முடித்த பிறகு வெளுத்து வாங்கினார். தன்னைக் கேட்காமல் தனக்கு ஒரு பெட்டி தயாராகிறதாமே என்றார். வியாதிக்காரி என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். அவர் பழவேற்காடு மார்க்கெட்டில் முப்பது வருஷம் மீன் விற்ற வாய் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எல்லாம் திட்டி முடித்துவிட்டு, செய்வது செய்கிறீர்கள், டிராக்டர் கொக்கி மாட்டுகிற முன்பக்கத்தில், படுத்தால் கண்ணுக்கு நேராக ஒரு ஜன்னல் வையுங்கள் என்றார். போகிற வழியைப் பார்த்துக்கொண்டே போகவேண்டுமாம். திரும்பும்போது பாலத்தின்மேல் வந்ததும் பாய் சொன்னார்: "புயலுக்குப் பயந்து ஓடறப்பவும் வேடிக்கை பாக்கணுமாம். அந்தம்மாவுக்கு ஜன்னல் பத்தாதுபா, தர்பாரே வெக்கணும்."

வீடா, படகா

வண்டி பாதி எழும்பிய பிறகுதான் அதை எங்கே நிறுத்துவது என்ற யோசனை எல்லப்பனுக்கு வந்தது. முதல்முதலாக வண்டி வாங்குகிற எல்லோரும் இப்படித்தான். மாடு வந்த பிறகு தொழுவம் தேடுவார்கள். குப்பத்தில் மணல் முழுக்க ஊருக்குப் பொது. யார் வீடு எங்கே, யார் படகு எங்கே, எவர் வலை எங்கே காயும் என்பதெல்லாம் ஊர்க்கூட்டம் சொல்வதுதான். எல்லப்பன் வீட்டைச் சுற்றியோ பூனை நுழைகிற சந்துதான்.

கோயிலுக்கு முன்னால் கூட்டம் கூடியது. செய்தவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கதவு இருப்பதால் அது வீடு, ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மனை தரமுடியாது என்று ஒரு கட்சி. சக்கரம் இருக்கும்போது எப்படி வீடாகும் என்று எதிர்க்கட்சி. தண்ணீரில் இறங்குமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். இறங்கும், ஏறாது என்றேன். வாதம் சாயங்காலம் வரை ஓடியது. எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகவே நின்றார். கடைசியில் ஊர்த் தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து தீர்ப்பு சொன்னார்: "நின்னா வூடு, நவுந்தா படகு. இது நவுருதா இல்லியா? படகு வரிசையில நிக்கட்டும், போங்க."

வெள்ளோட்டம்

குப்பத்தில் படகுகளைக் கரையேற்ற ஒரு டிராக்டர் உண்டு. அதை ஓட்டுகிறவர் முனுசாமி. அவர் வந்து கொக்கியை மாட்டினார். எல்லப்பன் முன்னேற்பாடாகத் தண்ணீர்க் குடம், ரொட்டி, டார்ச் லைட் இவற்றோடு படகிலிருந்து நங்கூரத்தையும் கழற்றிக்கொண்டுவந்து வண்டிக்குள் வைத்தார். தார் ரோட்டில் நங்கூரம் எதற்கு நைனா என்று முனுசாமி கேட்டதற்கு, இருக்கட்டும் என்று மட்டும் பதில் வந்தது. நானும் பாயும் எது முதலில் கழன்று விழும் என்று பார்த்துக்கொண்டே பின்னால் பைக்கில் போனோம். ஒன்றும் விழவில்லை. பாய்க்கே அது ஆச்சரியம்.

பாலம் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்ததும் தனம் ஜன்னல் வழியாக நிறுத்தச் சொன்னார். மீன்காரப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். படுத்த இடத்திலிருந்தே ஒருத்தியின் இறாலை நேற்றைய இறால் என்று கண்டுபிடித்து மானத்தை வாங்கினார். ஒருத்தி அழுதாள், அவளையும் கிண்டல் செய்தார். எல்லப்பன் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஊருக்குத் திரும்பலாமா என்று முனுசாமி கேட்டபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னொரு வாட்டி இதே தெருவுல வுடு முனுசாமி. என்னிய பாக்காதவ ஒருத்தி இக்குறா."

கடல் பார்த்த முகம்

வண்டியைக் கொண்டுபோய் விட்ட அன்று கொக்கி ரோட்டைப் பார்க்கும்படி நான்தான் நிறுத்திவைத்தேன். ஆபத்துக்கு டிராக்டர் வந்தால் நேராக மாட்டி இழுத்துவிடலாம். கொஞ்ச நாள் கழித்துக் கதவு இறுகுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வண்டி நேர் எதிராகத் திரும்பி நிற்கிறது. அந்தக் கரையில் எந்தப் படகும் முன்முனை கடலைப் பார்த்துத்தான் நிற்கும். வரிசையில் ஒன்று மட்டும் பின்னால் திரும்பி நின்றால் ஊருக்கு ஆகாது என்று ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கையாலேயே தள்ளித் திருப்பி, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார்கள். கடல் ஏறினால் டிராக்டர் கடலுக்குள் நின்றா கொக்கி மாட்டும் என்று கத்தினேன்.

அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து தனம் கூப்பிட்டார். வண்டி திரும்பிய நாளிலிருந்து அவர் அதிலேயே குடிவந்துவிட்டார். வருஷக்கணக்காகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவருக்கு இப்போது கடல் முழுக்கத் தெரிகிறது. புருஷனின் படகு தூரத்தில் புள்ளியாக வரும்போதே கண்டுபிடித்து, உலை வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கிறாராம். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். எல்லப்பன் என்னை ரோடு வரை கொண்டுவந்து விட்டார். "கடலுக்கு முதுவு காட்டி எந்தப் படகும் நிக்காது தம்பி. காத்து வர்றதுக்கு மின்ன திருப்பிக்கிறோம், அதுக்கு இன்னா."

வரிசை

புயல் காற்று மறுநாள்தான் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அது ஒருநாள் முன்னாலேயே வந்ததில் வண்டியைத் திருப்ப நேரமில்லை. முனுசாமி விடியற்காலையிலிருந்து படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பதும் வரிசைப்படிதான். முன்னால் நிற்பதைத் தாண்டி எவரும் தன் படகை முதலில் கேட்கமாட்டார்கள், கேட்டால் அது கேவலம். எல்லப்பனும் கேட்கவில்லை. அவர் முறை வந்தபோது அலை படகு வரிசை வரைக்கும் வந்துவிட்டது. எனக்குப் போன் வந்து, நானும் பாயும் ஜாக்கியும் கடப்பாரையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பகலிலேயே இருட்டிக் கிடந்தது. டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கி நின்று, சக்கரம் புதைந்து உறுமிக்கொண்டிருந்தது. டிராக்டருக்கும் வண்டியின் கொக்கிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. ஒவ்வோர் அலைக்கும் அது ரெண்டு முழமாகிவிடும்.

பின்பக்கம் கயிறு கட்டி ஊரே சேர்ந்து இழுத்தது, நானும் இழுத்தேன். சக்கரங்கள் மணலுக்குள் போனதுதான் மிச்சம். பாய் கட்டிய பலகைத் தளத்தில் தண்ணீர் ஏறியதும் நாலு பேர் கயிற்றை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தனம் அழவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: "அழாத. போர்வைய எடுத்து மூஞ்சி மேல போடு. அது போதும்."

கழற்றிய வேலை

அன்று நனைந்ததில் தனத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் தனம் போய்விட்டார். குப்பத்து ஆட்கள் வண்டியை மணலிலிருந்து தோண்டி எடுத்து நேராக்கி வைத்தார்கள். பலகை ஊறிப்போயிருந்தது. மற்றபடி சேதமில்லை. நானும் பாயும் செய்த வேலை அப்படியே நின்றது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உடைந்திருந்தால் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்து எல்லப்பன் பட்டறைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு, வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் இப்போது அதில்தான் படுக்கிறாராம், அது கடலைப் பார்த்தே இருக்கட்டுமாம். பாயையும் கூட்டிக்கொண்டு போய், நாலு பக்கமும் கல் அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கினோம். எல்லப்பன்தான் ஜாக்கியைப் பிடித்தார். ஜன்னலுக்கு நேராகக் கட்டில் அப்படியே கிடந்தது. அடுத்த காற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். அவர் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "சக்கரம் அவளுக்காவ கேட்டது. எனக்கு காலு இக்குது தம்பி."

அந்த வண்டியைச் செய்து முடிக்க எனக்கும் பாய்க்கும் ஒரு பருவமே பிடித்தது, சக்கரத்தைக் கழற்ற ஒரு டீ ஆறுகிற நேரம்தான் பிடித்தது என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.