சுருக்குப்பையில் வாழைச்சருகு

என் அம்மாவைக் காப்பாற்றியது நான்தான் என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் மரமண்டையில் அப்போது ஏறவில்லை.

வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊர். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. பண்ணையில் கூலி மாறவில்லை. அப்பா சங்கம், ஊர்வலம் என்று அலைவார். அம்மாவும் அத்தையும் நடவுக்குப் போவார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அம்மா ஒரு துண்டுப் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். சாப்பிடச் சொன்னால், "எனக்குக் காலையில எதுவும் எறங்காதுடி. நீயும் தம்பியும் குடிங்க" என்று பானையில் இருந்த பழங்கஞ்சியை எங்களுக்கே ஊற்றிவிடுவாள். சாயங்காலம் கூலி நெல் அளக்கும்போது நடவாட்களுக்குக் கொஞ்சம் புகையிலையும் கொடுப்பது பண்ணை வழக்கம். அதைப் பெரிய தாராளம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஒருநாள் எங்கள் தெருவுக்கு நர்சம்மா வந்தார். தெருவே சுற்றி நிற்க, அம்மாவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தவர் இன்னும் கிட்டே குனிந்தார். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருந்ததாம்.

"புகையிலைய இப்பவே விட்டுடும்மா, சரியாப் போகலாம். விடலேன்னா புத்துநோய்ல கொண்டுபோய் விட்டுடும். அப்புறம் இந்தப் புள்ளைங்கள யாரு பாப்பா?"

அம்மா பவ்யமாகத் தலையாட்டினாள். நர்சம்மா தெருமுனை திரும்புவதற்குள் சுருக்குப்பையைத் திறந்தாள். எனக்கு ஒன்பது வயது. அன்றிரவெல்லாம் அந்தச் சுருக்குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகையிலை வாழைச்சருகில்தான் பொட்டலமாக வரும். மறுநாள் காலை அம்மா குளிக்கப் போன நேரத்தில் புகையிலையை வாய்க்காலில் எறிந்துவிட்டு, சருகைக் கிழித்துச் சுருட்டி அதே பையில் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. தம்பியோடு நானும் வயலுக்குப் போனேன். வழியில் அம்மா சருகை வாயில் போட்டாள், துப்பினாள். யாரிடமும் புகையிலை கேட்கவில்லை. நர்சம்மா சொன்னதுதான் ஊருக்கே தெரியுமே, கேட்க வெட்கம். வெயில் ஏறியபோது, குனிந்து நட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சேற்றில் சாய்ந்தாள்.

அத்தைதான் அவளை வரப்புக்குத் தூக்கி வந்தாள். பையைத் திறந்து பார்த்துவிட்டு, "எவ செஞ்ச வேலைடி இது?" என்றாள். நான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அத்தையின் கை ஓங்கியது.

"அடிக்காதீங்க அண்ணி" என்றாள் அம்மா கண்ணைத் திறந்து. "பசி தாங்கல. அத அடக்கிக்கிட்டா மத்தியானம் வரைக்கும் தெரியாது."

அத்தை ஓங்கிய கையை இறக்கினாள். பிறகு வயலில் இறங்கவில்லை. பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரரைப் பார்த்து, "இனிமே எங்களுக்குப் புகையிலை வேணாங்க. பத்து மணிக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லுங்க" என்றாள். அவர் சிரித்தார். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வரப்பேறி உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது.

சேதி கேட்டு அப்பா ஓடிவந்தார். "சங்கத்துக் கோரிக்கையில இது இல்லியேக்கா" என்று இழுத்தார்.

"எழுதினவங்க குனிஞ்சு நட்டிருந்தா இருந்திருக்கும்" என்றாள் அத்தை.

 அப்பா துண்டை விரித்து அவரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பறித்துப் போட்ட நாற்று கட்டுக்கட்டாக வாடியது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் காரியக்காரர் இறங்கிவந்தார்.

புகையிலையை விடுவது அம்மாவுக்கு லேசாக இல்லை. இரண்டு மாதம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த போகத்துக்குள் நர்சம்மாவின் டார்ச்சுக்கு அந்த வெள்ளை தென்படவில்லை. இன்றைக்கும் முறுக்கைப் பொடித்துக் கொடுத்தால், முழுசாகக் கடிக்க எனக்கு வாயில்லையா என்று அம்மாவுக்குக் கோபம் வருகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

ஆனால் நினைவில் நிற்பது கஞ்சி வந்த முதல் நாள்தான். அம்மா ஒரு கும்பா குடித்தாள். இன்னொன்றும் வாங்கிக் குடித்தாள். மூன்றாவது முறையும் கும்பாவை நீட்டினாள். எனக்கு ஒரே அதிசயம்.

"அம்மாவுக்குக் காலையில எதுவும் எறங்காதே அத்தை?" என்றேன்.

 அத்தை என் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.