கதவைவிட அகலமான ரயில் யார்டு

கிள்ளானில் வேலை போனது. அதோடு தங்கியிருந்த அறையும் போனது. துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்துகொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் படுக்க ஓர் இடம் வேண்டும். ஒரு கடை வாசலில் கடைக்காரர் பொம்மை நீராவி எஞ்சினில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். சூடான எண்ணெய் வாசம் எழுந்தது. அப்பாவின் சட்டை வாசம்.

அப்பா நீராவி ரயில் எஞ்சினில் உலை எரிக்கும் ஃபயர்மேனாக இருந்தவர். டீசல் வந்ததும் வேலை போனது. அதன்பிறகு இங்கே, ரயில்வே குவாட்டர்ஸில், அறையை அடைத்த பலகைமேல் ஒரு பொம்மை ரயில் யார்டையே கட்டினார். பால் டின் தகரத்தில் எஞ்சின் கொட்டகை, குடைக்கம்பியில் தண்டவாளம். நாங்கள் பலகைக்கு அடியில் படுத்தோம்.

குவாட்டர்ஸை இடிக்கப் போவதாக வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

"யார்டுல எல்லாம் கட்டிட்டீங்க, அதுல நம்ம வீடு எங்கங்க?" என்று அழுதாள் அம்மா.

"அதத்தான் இடிக்கப் போறானே, எதுக்கு வீணா?" என்றார் அப்பா.

லோரி வந்த அன்றுதான் தெரிந்தது, பலகை கதவைவிட அகலம் என்று. அறைக்குள்ளேயே துண்டு துண்டாகச் சேர்த்து ஆணியடித்தவர் கதவை நினைக்கவே இல்லை. சாய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை.

"அண்ணே, அறுத்துடலாம் லா," என்றார் டிரைவர்.

அப்பா அசையவில்லை. அம்மாதான் டிரைவரிடம் ரம்பத்தை வாங்கி நடுவில் அறுத்தாள்.

"கொட்டகைய மட்டும் விட்டுடு," என்றார் அப்பா.

கடை வாசலில் கடைக்காரர் பொம்மை எஞ்சினை அணைத்தார். "என்ன வேணும் அண்ணே?"

"வேலை இருக்கா பாஸ்? படுக்க இடமும் வேணும்."

"இங்க இல்ல. வீடு மாத்துற லோரிக்கு ஆள் தேடுறாங்க. அவங்க ஸ்டோர்லயே படுத்துக்கலாம்."

மறுநாள் காலை செந்தூலில், யாரோ காலிசெய்யும் வீட்டிலிருந்து கட்டில் தூக்கினேன்.