மருந்து போடாத தட்டு

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், செல்களுக்குச் சோறு போடுகிற வேலை என்பேன். முறைப்பாள். பதினாறு வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் சின்னத் தட்டுகளில் செல் வளர்க்கிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் "மாத்திரை போட்டுட்டுப் படுங்க" என்பதோடு சரி. செல் வாடினால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுவாள்.

அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி. செல்லுக்குள் சக்தி குறைந்தால் விழித்துக்கொள்ளும் கைனேஸ் என்ற நொதி ஒன்று உண்டாம். சக்தி குறையாமலே அதைத் தட்டியெழுப்பும் சின்ன மூலக்கூறு மருந்தொன்றை அந்தப் பெண் இரண்டு வருடமாகச் சோதித்துவந்தாள்; அவளுக்குத் தட்டிலிருந்து செல்லை எடுத்துக்கொடுப்பது என் மனைவி. கைனேஸ் விழித்தால் சோதனைப் படத்தில் கறுப்புக் கோடு விழும். மருந்து போடாத தட்டில் விழக் கூடாது. அதிலும் விழுந்தது, மூன்று முறை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மருந்தைக் கைவிடச் சொல்லிவிட்டார் ஆய்வுக்கூடத் தலைவர்.

செவ்வாய்க்கிழமை, எனக்குப் புரியவைக்கிறேன் பேர்வழி என்று சாப்பாட்டு மேஜையில் கிண்ணங்களை வரிசையாக வைத்தாள் என் மனைவி.

"எல்லாத் தட்டையும் சூட்டுப் பெட்டியிலேருந்து ஒண்ணா வெளிய எடுத்து வெப்பேன். ஒண்ணொண்ணா கழுவி, செல்லைச் சுரண்டி எடுப்பேன். மருந்து போடாதது கடைசி..."

கை அப்படியே நின்றது.

"ஐயோ, அது அவ்வளவு நேரம் குளிர்ல காத்துக்கிடக்குதுங்க! சக்தி குறைஞ்சு கைனேஸ் தானா முழிச்சுக்குது. தப்பு மருந்துல இல்ல, என் கையில."

"சரி, நாளைக்கு வரிசையை மாத்திடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எனக்குத் தெரியுமே! இதுக்கு முன்னாடி படிச்ச ரெண்டு பேருக்கும் இதே கையாலதான எடுத்துக்குடுத்தேன்? அவங்க முடிவும் தப்பா இருந்தா?" என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்தப் பழைய மாணவர்கள் இருவருக்கும் போன் செய்தாள். மாணவி குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாளாம். "இனிமே என் கையில தட்டைக் குடுப்பாங்களா?" என்று வீட்டுக்கு வந்து புலம்பினாள்.

வியாழக்கிழமை இவளே ஒவ்வொரு தட்டாக வெளியே எடுத்துச் செய்தாள். வெள்ளிக்கிழமை படம் வந்தது. மருந்துத் தட்டுக்கு நல்ல கறுப்புக் கோடு, மற்றதற்கு ஒன்றுமே இல்லை. மாணவி தலைவரிடம் ஓடாமல் படத்தோடு நேராக இவளிடம்தான் வந்திருக்கிறாள்.

"அக்கா, அடுத்த தட்டும் நீங்கதான் எடுக்கணும். வேற யார் எடுத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது."

இதை என்னிடம் சொல்லும்போது என் மனைவிக்குக் குரல் உடைந்தது. எனக்கும்தான்.