தண்ணி வர்றதுக்குள்ள

வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதைக் கயல்விழிக்கு முதலில் சொன்னது அவள் அம்மா வேம்புதான்.

"கயலு, எந்திரி. ஆத்துல தண்ணி வந்துடுச்சு. ஊரே பாலத்துல நிக்குது."

கயல்விழி பாயில் எழுந்து உட்கார்ந்து, "ஐயோ" என்றாள்.

"தண்ணி வந்ததுக்கு ஐயோங்கிறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்டி" என்று சொல்லிவிட்டு வேம்பு மறுபடியும் பாலத்துக்குப் போய்விட்டாள்.

கயல்விழி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வருவதற்குள் அதை முடித்திருக்க வேண்டும். நாவல் பாதியில் நின்றது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில், ஆற்றங்கரையிலேயே இருக்கிற ஊர் அவளுடையது. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு பயிற்சி மையத்துக்கு வீட்டிலிருந்தே வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இடையில் பி.எட். சேர்ந்தாள், பாதியில் நின்றாள். அரசாங்கத் தேர்வுக்குப் படித்தாள், அதுவும் பாதி. தையல் வகுப்பில் ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிற இடம் வரைக்கும் போனாள். வீட்டில் யாரும் திட்டவில்லை. "படிச்ச புள்ள, அதுக்குத் தெரியும்" என்பார்கள். அவளுக்கு என்ன தெரியும் என்பது அவளுக்குத்தான் தெரியவில்லை. இந்த நாவலையாவது முடித்துவிட்டால், தொடங்கியதை முடிக்கிற ஆள்தான் தான் என்று தனக்குத்தானே ஒரு முறை காட்டிக்கொண்டதாக ஆகும். நாவல் நன்றாக வருமா என்கிற கவலை அதற்கு அப்புறம்தான்.

தஞ்சாவூரில் நடந்த ஒரு கதைப் பட்டறையில் அவளுக்கு இரண்டு பேர் சிநேகமானார்கள். மன்னார்குடி ஷோபனா, தனியார் பள்ளி ஆசிரியை, கணவர் சிங்கப்பூரில். இன்னொருவர் முத்துப்பேட்டை ஜெக்கரியா, கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பவர். பட்டறை முடிந்த கையோடு மூன்று பேரும் வாட்ஸப் குழு தொடங்கி, வயல்களுக்கு முறை வைத்து விடுகிற தண்ணீரின் பேரில் 'முறைத்தண்ணி' என்று பேர் வைத்தார்கள். கோடையில் ஆளுக்கொரு நாவலை மளமளவென்று எழுதி முடிப்பது, திருத்தம் எல்லாம் பிறகு, என்று பேச்சு. எப்போது முடிப்பது என்பதில்தான் ஜெக்கரியா புது யோசனை சொன்னார்.

"தேதி வெச்சா தள்ளிப் போட்டுருவோம். தண்ணிக்கு வெச்சுக்குவோம். மேட்டூர்ல திறந்து, அவங்கவங்க ஊருக்குத் தண்ணி எப்ப வருதோ அப்ப முடிஞ்சிருக்கணும். அதை நாம தள்ளிப் போட முடியாதுல்ல?"

"கடைமடைக்காரர் சொல்ற யோசனையைப் பாரு" என்றாள் ஷோபனா. "உங்க ஊருக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு நாவல் எழுதிரலாம் பாய்."

"வருஷா வருஷம் நாங்க காத்துக் கெடக்கோம். ஒரு தடவையாவது அதுல ஒரு லாபம் வேணாமா?"

அன்றன்று எழுதியதில் கடைசி வாக்கியத்தை மட்டும் சாயங்காலம் குழுவில் போட வேண்டும் என்பது இன்னொரு ஏற்பாடு. கயல்விழியின் நாவல் ஒரு மினிபஸ்ஸைப் பற்றியது. கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குப் புறப்பட்ட பஸ், ஆற்றுப் பாலத்தில் பாதி வழியில் நிற்கிறது. கண்டக்டர் பையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கி நடந்துவிட்டார். ஏன் இறங்கினார் என்று கயல்விழிக்கே தெரியாது. தெரியாததால் முதல் அத்தியாயத்துக்கே திரும்பத் திரும்பப் போய், அதைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் போடுகிற கடைசி வாக்கியம் ஒவ்வொரு நாளும் பாலத்திலேயே இருந்தது.

"பஸ் இன்னும் பாலத்துலதான் நிக்குதா? பிரயாணிகளுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடு தங்கச்சி" என்று ஜெக்கரியா எழுதுவார்.

அவள் அசட்டையாக இருந்ததற்குக் காரணம் டீக்கடை. கல்லணையில் எப்போதும் போல முதலில் காவிரிக்குத்தான் விடுவார்கள், வெண்ணாற்றில் தடுப்புச்சுவர் வேலை பாக்கி, தண்ணீர் வர நாளாகும் என்று அங்கே பேசிக்கொண்டதை அவளும் நம்பினாள். இந்த வருஷம் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டார்கள்.

பாலத்துக்கு ஓடினாள். நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக, செம்மண் நிறத்தில் தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு போனது. யாரோ பூ போட்டார்கள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். அவளுக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. அங்கிருந்தே குழுவில் எழுதினாள்: "எங்க ஊருக்கு வந்துடுச்சு. நான் தோத்துட்டேன்."

ஷோபனா உடனே கூப்பிட்டாள். "வந்ததுன்னா எவ்வளவு? நுரையா, தண்ணியா?"

"தண்ணிதான்க்கா. நல்லா ஓடுது."

"சரி, விடு. சட்டத்துல என்ன இருக்கு? அவங்கவங்க இருக்கிற ஊருக்குத் தண்ணி வர்றதுக்குள்ளன்னுதானே? நீ இப்ப இருக்கிற ஊர்ல இருக்காத. கிளம்பி மன்னார்குடிக்கு வா. தண்ணிக்கு முன்னாடி பஸ் வந்துடும்."

"இது கள்ளாட்டம்க்கா."

"ஆமா. வரியா, இல்லையா?"

வேம்புவிடம் சொன்னபோது அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். "எழுதுறதுக்கு எதுக்குடி ஊரு விட்டு ஊரு? இங்க பேனா ஓடாதா?"

"தண்ணிக்கு முன்னாடி போவணும்மா."

வேம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னமோ போ. நாலு ஜாக்கெட்டு எடுத்துக்க. நீ தைச்சதை எடுக்காத, அதுல கை இல்ல."

பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கயல்விழி பஸ் ஏறினாள். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஒயரைச் செருகினால்தான் உயிர் வரும். வழியெல்லாம் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடந்தன. நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரிகிற இடம் வந்தபோது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். இன்னும் வெறும் மணல். தண்ணீரை முந்திவிட்டோம் என்று சிரிப்பு வந்தது. படித்த பெண் செய்கிற வேலையா இது என்றும் தோன்றியது.

ஷோபனாவின் வீட்டில் எழுதுகிற நேரம் விடிகாலை. மகன் எழுந்திருப்பதற்குள் அவள் தன் பங்கை முடித்துவிடுவாள். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் உட்காருவாள். கயல்விழியின் போனும் டின்னுக்குள் போனது. ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். எதிரே இன்னொருத்தியின் விரல்கள் நிற்காமல் ஓடுகிற சத்தம் கேட்டபோது கயல்விழிக்கு வெட்கமாகவும், அந்த வெட்கத்திலேயே கொஞ்சம் வேகமாகவும் இருந்தது.

ஆனாலும் கண்டக்டர் விடவில்லை.

"அவர் ஏன் இறங்கினார்னு தெரியாம நான் எப்படிக்கா மேல போறது?"

"பஸ்ஸுல இருக்கிற ஜனங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவங்களும் உன்ன மாதிரிதானே உக்காந்திருக்காங்க. 'கண்டக்டர் சங்கதி பிறகு'ன்னு ஒரு வரி போட்டுட்டுப் போடி. நட்டதையே எத்தன தடவ புடுங்கி நடுவ?"

கயல்விழி அந்த வரியைப் போட்டாள். போட்டதும் பயமாக இருந்தது, பொய்க் கணக்கு எழுதிய மாதிரி. ஆனால் பஸ்ஸுக்குள் ஒரு பாட்டி பேசத் தொடங்கினாள். டிரைவர் தானே டிக்கெட் கொடுக்க முயன்று சில்லறையில் குழம்பினார். அன்று சாயங்காலம் குழுவில் அவள் போட்ட வாக்கியத்தில் பஸ் பாலத்தைத் தாண்டியிருந்தது. ஜெக்கரியா பட்டாசுப் படமாக வரிசையாகப் போட்டுத் தள்ளினார்.

நடுவில் பயிற்சி மையத்திலிருந்து அவசரமாக வினாத்தாள் வந்து விழுந்தது. அதைச் செய்தால் எழுத முடியாது. கயல்விழி வாயைத் திறக்குமுன் ஷோபனா பாதித் தாள்களைத் தன் பங்காக எடுத்துக்கொண்டாள். கல்லூரி விடுமுறைகளில் அம்மாவோடு நடவுக்குப் போனபோது இதைக் கயல்விழி பார்த்திருக்கிறாள். வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் யாரும் அவளைத் திட்டமாட்டார்கள். இரண்டு பக்கத்தில் நிற்கிறவர்களும் கையை எட்டிப் போட்டு அவள் பங்கில் கொஞ்சத்தைச் சேர்த்து நட்டுவிடுவார்கள். அவள் பங்கு குறுகும், வரிசை நேராகிவிடும். அந்த வரிசையில் பின்தங்கியவளும் கயல்விழிதான்.

ஷோபனா தன் நாவலை முடித்த மறுநாள் மன்னார்குடிப் பாமணியாற்றில் தண்ணீர் வந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரவா கேசரி கிளறினாள். கயல்விழிக்கு இன்னும் மூன்று அத்தியாயம் இருந்தது. கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் பையை எடுத்தாள்.

"போ போ, பாய் வீட்டுக்குப் போ. அதுக்கு அப்புறம் கடல்தான், ஞாபகம் வெச்சுக்க" என்றாள் ஷோபனா.

ஜெக்கரியா வீட்டில் அவருடைய மனைவி மும்தாஜ் அவளுக்காக மாடி அறையைப் பெருக்கி வைத்திருந்தாள். "வாம்மா. உங்க அண்ணன் மே மாசத்துலேர்ந்து 'தண்ணி வரட்டும், வரட்டும்'னு உக்காந்திருக்காங்க. நீயாவது கேளு."

கேட்டபோது ஜெக்கரியா தலையைச் சொறிந்தார். அவருடைய நாவல் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நமக்குத்தான் நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டாராம்.

"எங்களைக் கிண்டல் பண்ணின ஆளா நீங்க?"

"கிண்டல் பண்றதுலேயே நேரம் போயிடுச்சு தங்கச்சி."

அதன் பிறகு அவரும் கடையை மும்தாஜிடம் விட்டுவிட்டுக் காலையில் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் மேலே ஒரு மதகில் முறைக்காக நிறுத்தப்பட்டது, திறக்கப்பட்டது, மறுபடி நின்றது. விவசாயிகள் சாலையில் இறங்கப் போவதாகப் பேச்சு. அந்தக் கவலை ஊர் முழுக்க இருந்தபோது, தண்ணீர் ஒரு நாள் தாமதித்தால் நல்லது என்று நினைத்த தன்னைக் கயல்விழிக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்னும் வேகமாக எழுதினாள்.

கயல்விழி கடைசி அத்தியாயத்தில் இருந்தபோது லஸ்கர் பக்கிரி ஜெக்கரியாவைக் கூப்பிட்டார். மதகு திறக்கிறவர் அவர்தான். "பாய், விட்டாச்சு. மத்தியானத்துக்குள்ள உங்க வாய்க்காலுக்கு வந்துடும்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மடிக்கணினி அணைந்தது. எழுதியதைக் கயல்விழி அவ்வப்போது போனுக்கும் அனுப்பி வைத்திருந்தாள்; அதில் கடைசிப் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஜெக்கரியாவின் ஸ்கூட்டரில் ஏறி வாய்க்காலுக்குப் போனார்கள். அவள் மதகுச் சுவரில் உட்கார்ந்து போனிலேயே மிச்சத்தை எழுதத் தொடங்கினாள். ஜெக்கரியா செருப்பைக் கழற்றி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த வாய்க்காலில் இறங்கி நின்றார்.

"கணுக்கால் நனைஞ்சாத்தான் தண்ணி வந்ததா அர்த்தம். நான்தான் அளவுகோல். நீ எழுது."

"பாய், பேசாதீங்க."

பஸ் தஞ்சாவூருக்குள் நுழைந்தது. பழைய பஸ் ஸ்டாண்ட் திருப்பம்.

"வருது தங்கச்சி. நுரைதான். நுரை கணக்கு இல்ல."

பாட்டி கூடையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"கட்டை விரல்!"

"பேசாதீங்கன்னு சொன்னேன்!"

ஸ்டாண்டின் டீக்கடையில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். ஏன் இறங்கினார் என்று இப்போது கயல்விழிக்குத் தெரிந்துவிட்டது. முதலில் இருந்து மாற்ற வேண்டியது நிறைய. மாற்றிக்கொள்ளலாம். டிரைவர் பையை அவரிடம் நீட்டினார். ஜனங்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகப் பாட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி.

"நனையப் போவுது, நனையப் போவுது..."

"இறங்கிட்டாங்க" என்றாள் கயல்விழி.

"யாரு?"

"எல்லாரும். முடிஞ்சிடுச்சு பாய்."

ஜெக்கரியா குனிந்து தன் காலைப் பார்த்தார். தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போனது. முந்தியது எது என்று இருவருக்கும் தெரியவில்லை. கயல்விழி போனை மடியில் வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. பசித்தது. அந்தப் பசிகூட நன்றாக இருந்தது.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். "முடிச்சிட்டேன்மா."

"எதை?"

"எழுதுனதை. முழுசா."

"முழுசாவா?" என்றாள் வேம்பு. பின்னால் யாரிடமோ, "கயலு முடிச்சிட்டாளாம்" என்று உரக்கச் சொல்வது கேட்டது.

ஜெக்கரியா இன்னும் வாய்க்காலிலேயே நின்றார். "என் கதை என்ன ஆவறது? எனக்குக் கீழ ஊரே இல்லையே, ஓடிப் போறதுக்கு."

கயல்விழி சுவரிலிருந்து இறங்கித் தண்ணீர் போகிற பக்கம் பார்த்தாள். அது சருகுகளைத் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல், தூரத்தில் கடலோரம் பச்சையாகத் தெரிந்த அலையாத்திக் காட்டை நோக்கிப் போனது.

"அது கடலுக்குப் போற வரைக்கும் நேரம் இருக்கு பாய். கரையேறுங்க. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் உக்காருவோம். உங்க வேலையில பாதியை என்கிட்ட குடுங்க."

"செருப்புக் கடையையா?"

"குடுங்க, பாத்துக்கிறேன். நீங்க எழுதுங்க."